நாமத்தின் அடியில் ஒரு புண்

1

இந்தக் குறிப்புகள் ஒரே ஒரு ஆள் படிப்பதற்காக எழுதப்படுகின்றன. மற்றவர்கள் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் படித்துவிட்டு, அந்நிய மண்ணில் எவ்வளவு சிரமம், பாவம் என்று உச்சுக்கொட்டி எனக்குக் கடிதம் போட வேண்டாம். போன தடவை இதே பத்திரிகையில் இங்கே நல்ல வெற்றிலை கிடைக்காததைப் பற்றி எழுதினேன். ஆத்தூரிலிருந்து ஒரு புண்ணியவான் ஒரு கவுளி வெற்றிலையை உறையில் வைத்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துக் கறுப்புத் தூளாக வந்து சேர்ந்தது.

நான் சொல்லும் அந்த ஒரு ஆள் என் சித்தப்பா மகன் ரங்கன். தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் முப்பது வருடமாக மேற்பார்வை பார்க்கிறான். அவன் மூக்கின் மேல், நாமத்தின் பாதம் வந்து முடிகிற இடத்தில் ஒரு புண் இருக்கிறது. ஆறாத புண். அது புற்று என்று நான் சொல்கிறேன். நாமக்கட்டி ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்று அவன் சொல்கிறான். சொல்கிறான் என்பதுகூடத் தப்பு. போன வைகாசியிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. நான் போட்ட மூன்று கடிதங்களும் பிரிக்கப்படாமலே கடல் தாண்டித் திரும்பிவிட்டன. மூன்றாவது இன்று காலையில் வந்தது. ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று தபால்காரர் உறையின் மேல் எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்தப் பத்திரிகையை ரங்கன் படிப்பான். உப்பளத்திலிருந்து திரும்பும் வழியில் வாசகசாலையில் உட்கார்ந்து, அட்டையிலிருந்து கடைசிப் பக்கத்து லேகிய விளம்பரம் வரை விடாமல் படிப்பது அவன் வழக்கம். என் பெயரைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவான். நாலு பக்கம் தள்ளிப் போன பிறகு, இந்தப் பயல் நம்மைப் பற்றி என்ன கிறுக்கியிருக்கிறான் என்று பார்க்கத் திரும்பி வருவான். வா, ரங்கா. உட்கார்.

2

போன வாரம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. என்னோடு வந்தவர்கள் எல்லாரும் இந்த நாட்டுப் பிரஜையாகி, ராணி படத்துக்கு முன்னால் போட்டோ எடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. நான் மட்டும் இன்னும் பழைய பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்கிறேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உடல் அடையாளம் என்ற இடத்தில் ‘மூக்கின் மேல் மச்சம்’ என்று மதுரையில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

“மச்சம் எங்கே?”

“வெட்டி எடுத்துவிட்டார்கள்.”

“யார்?”

“டாக்டர்கள். மூக்கையும் சேர்த்து எடுத்தார்கள். இது வேறு மூக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழை வாங்கிப் படித்தார். பழைய அடையாளம் இல்லாவிட்டால் புது அடையாளம் வேண்டுமே என்றார். நெற்றியில் தழும்பு இருக்கிறது என்றேன். எங்கே, தெரியவில்லையே என்றார். நாமத்துக்கு அடியில் இருக்கிறது என்றேன். அப்படியானால் அதைத் துடைத்துவிட்டு வாருங்கள், பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றார்.

கழிப்பறைக்குப் போய்த் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். பார்த்தார், எழுதினார், முத்திரை குத்தினார். ஐந்து நிமிஷ வேலை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பாஸ்போர்ட்டுக்காக, முன்பின் தெரியாத ஒரு மனுஷன் சொன்னான் என்று துடைத்துவிட்டேன். மூன்று வருடம் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தவன், ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை.

3

அந்த மூன்று வருடக் கதை இது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் தினமும் நாமம் இட்டவன் இல்லை. காலையில் இட்டுக்கொண்டாலும் படகுத்துறைக்குப் போவதற்குள் வேர்வையில் கரைந்துவிடும். நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் கிடையாது. இங்கே வந்த பிறகுதான் இந்தப் பிடிவாதம் பிடித்தது. கப்பல் சரக்கை அளந்து சான்று எழுதும் வேலை. முதல் வாரமே தளத்தில் இருந்தவர்கள் எனக்கு ‘முள்கரண்டி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வைக்காமல் இருந்திருந்தால் நானே ஒரு வருடத்தில் விட்டிருப்பேன். வைத்தார்கள் என்பதற்காகவே வெள்ளையும் சிவப்புமாகப் பட்டையாக, மூக்கின் பாதிவரை பாதத்தை இறக்கி இட்டுக்கொண்டு போனேன். பக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் வீம்புதான்.

அந்தப் பாதத்தின் ஓரத்தில், மச்சத்துக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு பொருக்கு வந்தது. உதிர்ந்தது. மறுபடி வந்தது. என் மனைவி வேதவல்லி பார்த்துவிட்டு, “ஏன்னா, நாமக்கட்டி பழசாப் போயிருக்கும். அதான் அரிக்கறது” என்றாள். ரங்கனுக்கு எழுதினேன். அவன் உடனே புதுக்கட்டி அனுப்பினான். அது வந்து ஆறு மாதம் கழித்தும் பொருக்கு போகவில்லை. வேறு இடத்துக் கட்டியாக அனுப்புகிறேன் என்று எழுதினான். அதையும் அனுப்பினான். குழைக்கிற தண்ணீரை மாற்றிப் பார் என்றான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் குழைத்தேன். மூன்று வருடம், கடல் கடந்து, இரண்டு படித்த ஆண்பிள்ளைகள் ஒரு வெள்ளை மண்ணைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

இதற்கு நடுவே இங்குள்ள டாக்டரிடம் ரத்தக் கொதிப்புக்கு மாதா மாதம் போய்க்கொண்டுதான் இருந்தேன். நல்ல மனுஷன். என் முகத்துக்கு நேராக உட்கார்ந்துதான் பேசுவார். ஆனால் நாமத்தை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. ஒருவருடைய மதச் சின்னத்தை வெறித்துப் பார்ப்பது அநாகரிகமாம். பின்னால் அவரே சொல்லி வருத்தப்பட்டார். அதோடு, எங்கள் நிறத்துக்காரர்களுக்கு இது வருவதே அபூர்வம் என்று அவர் படித்த புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

எங்கள் நிறம்! எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் வெளுத்த தோல். பெண் பார்க்க வருகிறவர்களிடம் படிப்பைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள். என் அப்பாவும் ரங்கனின் அப்பாவும் அதை ஏதோ சம்பாதித்து வைத்த சொத்து மாதிரி பேசுவார்கள். அந்தப் பெருமையை நானும் சுமந்துகொண்டுதான் கப்பல் தளத்து வெயிலில் நின்றேன்.

4

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. சேவியர்.

சேவியர் என்னோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்தவன். இழுவைப் படகு ஓட்டினான். ஒரு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பழைய துறைமுகத்துப் பக்கம் அவனைப் பார்க்கப் போனேன். வா என்றுகூடச் சொல்லவில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.

“வே சாமி, மூக்குல என்னவே இது?”

“நாமப் புண்.”

“நாமப் புண்ணுன்னா நெத்தியிலயும்லா வரணும்? இங்கன மட்டும் எதுக்கு வருது? ஓரத்தக் கண்ணாடியில பாத்தீரா? மினுங்குது வே. புண்ணு எங்கயாவது மினுங்குமா?”

“வெயில்டா.”

“வெயிலும் இல்ல, மயிரும் இல்ல. எங்க பெரியப்பா முத்துக்குத் தோலு உரிப்பாரு, தெரியும்லா? முத்துல புள்ளி விழுந்தா, சின்னக் கத்திய வச்சு மேத்தோல ஒண்ணொண்ணா எடுப்பாரு. புள்ளி மேலாக்க இருந்தா அடியில நல்ல முத்து நிக்கும். உள்ள எறங்கிருந்தா, எடுக்க எடுக்கப் புள்ளிதான் வரும். கடைசியில உள்ளங்கையில தூசிதான் இருக்கும். நேரமே கொண்டாந்தாத்தான் நல்லதுன்னு சொல்லுவாரு. போயி டாக்டர்ட்ட காட்டும் வே. அந்த வெள்ளைய அழிச்சுட்டுக் காட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. நாமத்தை அழிக்கச் சொல்ல இவன் யார் என்று. காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகும் நாலு மாதம் நான் யாரிடமும் காட்டவில்லை. ஒருநாள் முகம் துடைத்த துண்டில் ரத்தம் வந்தது. வேதா அழ ஆரம்பித்த பிறகுதான் போனேன்.

தோல் டாக்டர் நாமத்தைத் தானே ஈரப் பஞ்சால் துடைத்தார், அனுமதி கேட்டுவிட்டுத்தான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “ஓரம் முத்துப் போலப் பளபளக்கிறது பாருங்கள். இதுதான் இதன் லட்சணம்” என்றார். முத்தைப் பற்றித் தூத்துக்குடிக்காரனுக்குப் பாடம் எடுக்கிறாரே என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் புத்தி போயிற்று.

5

மேலே கடுகளவு, அடியில் ஒரு ரூபாய் அகலம். இது உடம்பெல்லாம் பரவுகிற ஜாதி இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். விட்டுவைத்தால் மூக்கு, கண், எலும்பு என்று இருக்கும் இடத்திலேயே அரித்துக்கொண்டு போகுமாம். இதை ஆறுதல் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

முகத்தை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டு, மெல்லிசாக ஒரு அடுக்குத் தோல் எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொண்டுபோனார்கள். நான் வெளியே பெஞ்சில் மூக்கில் கட்டோடு காத்திருந்தேன். இன்னும் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மறுபடி ஒரு அடுக்கு. மறுபடி பெஞ்சு. நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் சேவியரின் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். நாலாவது தடவை, இனி இல்லை என்றார்கள். கண்ணாடியைக் கேட்டேன். நர்ஸ் கொடுக்க மறுத்துவிட்டாள்.

மறுநாள் வேறொரு சர்ஜன் வந்தார். நெற்றித் தோலை நீளவாக்கில் எடுத்து, புருவத்தருகே காம்பு அறுபடாமல் அப்படியே திருப்பி இறக்கி மூக்காகத் தைப்பார்களாம். மூன்று வாரம் கழித்துக் காம்பை அறுப்பார்களாம். “இது உங்கள் நாட்டு வைத்தியம்தான், எங்களுக்கு உங்களிடமிருந்து வந்தது” என்றார், நான் பெருமைப்படுவேன் என்று எதிர்பார்த்து. எந்த இடத்துத் தோல் என்று விரலால் என் நெற்றியில் கோடு இழுத்துக் காட்டினார். ஐம்பது வருடம் நாமம் இட்ட அதே இடம். வேறு இடம் கிடையாதா என்றேன். கன்னத்திலிருந்து எடுத்தால் போதாது, தொடையிலிருந்து எடுத்தால் நிறம் சேராது என்றார். நிறம் சேராதாம். அங்கேயும் நிறம்.

மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே அந்தக் காம்போடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேதா முதல் நாள் பார்த்துவிட்டு, “தும்பிக்கையாழ்வாராட்டம் இருக்கேள்” என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். என் மகன் முகுந்தன் இருபத்தாறு வயதுக்காரன், தனியாக வேறு ஊரில் இருப்பவன். ஒரு சனிக்கிழமை வந்தான். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பது அவன் வழக்கம். அன்று ஆரம்பமே இங்கிலீஷ். வலிக்கிறதா என்று கேட்டான், இல்லை என்றேன், டிவியைப் போட்டான்.

காம்பை அறுத்த பிறகும் அந்தத் தோலுக்குத் தான் இடம் மாறியது தெரியவில்லை. மூக்கைத் தொட்டால் நெற்றியில் தொடுகிற மாதிரி இருக்கும். நெற்றியைத் தொட்டால் ஒன்றுமே தெரியாது. மரக்கட்டை. போதாக்குறைக்கு மூக்கு நுனியில் முடி முளைத்தது, தலைமயிரின் ஓரத்திலிருந்து வந்த தோலாம் அது. வாரத்துக்கு ஒருமுறை மூக்கைச் சவரம் செய்துகொள்ளும் ஆண்பிள்ளை இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

நாமம் இடுவதற்குக் கை பழகவில்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் கோடு கோணிக்கொண்டே போயிற்று. ஒருநாள் முகுந்தன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். காருக்குள் போய், பெயின்ட் அடிக்கும்போது ஓரம் கட்டுகிற டேப்பை எடுத்து வந்தான். என் நெற்றியில் இரண்டு பக்கமும் அளந்து ஒட்டினான். “இப்ப போடுப்பா” என்றான். அவன் நெற்றியில் நான் நாமம் பார்த்தது அவனுடைய பூணூல் கல்யாணத்தில்தான். அவன் ஒட்டிக் கொடுத்த டேப்புக்கு நடுவே என் நாமம் நேராக விழுந்தது.

6

இனி உனக்கும் எனக்குமானது, ரங்கா. மற்றவர்களுக்காக ஒரு வரி: தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர்க் கோயிலில், வைகாசித் தேரன்று காலையில், வெள்ளிக்கோலைப் பிடித்துக்கொண்டு பெருமாள் முன்னால் நின்று அவர் பட்டங்களை உரக்கச் சொல்வது எங்கள் குடும்பத்தின் உரிமை. அதற்குக் கட்டியம் என்று பெயர். மூத்தவன் நான். நான் இல்லாத வருடங்களில் ரங்கன் சொல்வான்.

போன வைகாசிக்குப் புது மூக்கோடு வந்தேன். மண்டபத்திலேயே நீ என்னை நிறுத்தினாய்.

“அண்ணா, கோவிச்சுக்காதே. அங்கஹீனம்னு பேசிக்கறா. வெட்டி ஒட்டின ஒடம்போட பெருமாள் முன்னாடி நிக்கப்படாதாம்.”

“யார் பேசிக்கறா? பேர் சொல்லு.”

“பேர் என்னத்துக்கு? உன் கொரலும் மூக்கால வரது. தெருவே சிரிக்கும். நான் சொல்லிடறேனே.”

“முப்பது வருஷமா இதுக்குத்தானேடா காத்துண்டிருக்கே?”

அப்போதுதான் உன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். பாதத்தின் ஓரத்தில் பொருக்கு. பொருக்கைச் சுற்றி ஒரு மினுமினுப்பு. உப்பளத்தில் குடை பிடித்து என்ன பிரயோஜனம்? பாத்தியிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கும் வெயிலைக் குடை தடுக்காது.

“ரங்கா, மூக்குல என்ன?”

“ஒண்ணுமில்லே. நாமக்கட்டி சேரலே.”

“துடை. நான் பார்க்கணும்.”

“என்னையும் உன்னாட்டம் ஆக்கணுமா ஒனக்கு? கட்டியம் கெடைக்கலேன்னு சாபம் குடுக்கறியா?”

தோளில் ஈர உத்தரீயம் இருந்தது. உன் பிடரியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, உன் நாமத்தைத் துடைத்தேன்.

எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை ஒருவன் வெறும் நெற்றியோடு வெளியே வந்தால், பார்க்கிறவர்கள் சாவுத் தீட்டு என்று நினைத்து ‘யார் போனது?’ என்றுதான் கேட்பார்கள். தேரன்று காலையில், பெருமாள் புறப்பாட்டுக்குக் கால் மணி முன்னால், உன்னை அப்படி நிற்கவைத்தேன். நீ என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டாய்.

அக்கறையில் துடைத்தேன் என்று வேதாவிடம் சொன்னேன். மூன்று கடிதங்களிலும் அதையேதான் எழுதினேன். நீ பிரிக்காததே நல்லது. அது பொய். என் கை உன் பிடரியில் இருந்தபோது எனக்குள் இருந்தது ஆத்திரம்தான். புண்ணைப் பார்த்ததும், ஆகா, இவனுக்கும் அங்கஹீனம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். இதை அச்சில் எழுதுகிறேன், நம் ஊரே படிக்கட்டும்.

என்னை வெளியே அனுப்பினார்கள். நீ முகம் கழுவி, மறுபடி நாமம் இட்டுக்கொண்டு வந்து கட்டியம் சொன்னாய். தெருக்கோடியில் நின்று கேட்டேன். நன்றாகத்தான் சொன்னாய். என்னைவிட நன்றாக.

7

பாஸ்போர்ட் விஷயமாகப் போய்வந்த அன்று சாயங்காலமே ஒரு காகிதம் எழுதினேன். கட்டியம் சொல்லும் உரிமையை நானும் என் மகனும் விட்டுக்கொடுக்கிறோம், இனி அது ரங்கனுக்கும் அவன் வாரிசுக்கும் என்று. சனிக்கிழமை வந்த முகுந்தனைக் கூப்பிட்டு விளக்க ஆரம்பித்தேன். “எங்கப்பா சைன் பண்ணணும்?” என்றான். நின்றபடியே போட்டான், படிக்கவில்லை. எதற்காக நான் உன் பிடரியைப் பிடித்தேனோ, அது இரண்டு வினாடியில் முடிந்தது. அன்று எனக்கு மூக்கு வெட்டினபோதுகூட வலிக்காத ஓர் இடத்தில் வலித்தது.

அந்தக் காகிதத்தைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு அனுப்பவில்லை, நீ திருப்பிவிடுவாய். இதற்குப் பதிலாக நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். உன் மேல் இருக்கும் கோபமும் அப்படியே இருக்கிறது. யாரோ பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லி என்னை நிறுத்தினாய், அதை நான் மறக்கப் போவதில்லை.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் ஒருவரை விசாரித்து வைக்கச் சேவியருக்கு எழுதியிருந்தேன். வைத்திருக்கிறான். இந்தப் பத்திரிகை வந்ததும் வருகிற முதல் வெள்ளிக்கிழமை உப்பளத்து வாசலில் வந்து நிற்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறான், நீ வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் நிற்பானாம். அவனோடு போ. அந்த டாக்டரும் மரியாதைக்காரராகத்தான் இருப்பார், நாமத்தை எடுங்கள் என்று உன்னிடம் சொல்லக் கூசுவார். எனக்கு அந்த மரியாதையில்தான் மூன்று வருடமும் ஒரு மூக்கும் போயின.

அதனால் நீயே வீட்டில் துடைத்துக்கொண்டு கிளம்பு. உன் கையால், சுத்தமாக, ஓரம்கூடப் பாக்கி இல்லாமல். தெருவில் நாலு பேர் நிறுத்துவார்கள். யார் போனது என்று கேட்பார்கள்.

இன்னும் யாரும் போகவில்லை என்று சொல்.